முதலில் வருகிற இடம்

அருள்மொழி டீச்சர் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். கதை முடிந்த பிறகு சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பிள்ளைகளைக் கைநீட்டி அடித்தவள் இல்லை. சத்துணவில் முட்டை குறைந்தால் ஆயாவிடம் மல்லுக்கு நிற்பாள். மழையில் நனைந்து வருகிற பிள்ளைக்குத் தன் முந்தானையாலேயே தலை துவட்டிவிடுவாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் தமிழ் அவள்தான். வீடு செம்மண்டலத்தில். அங்கே போய் அருள்மொழி என்று விசாரித்தால் யோசிப்பார்கள். பிராக்கெட் டீச்சர் என்று கேட்டால் இஸ்திரி வண்டிக்காரர்கூட வழி சொல்வார்.

பிராக்கெட் என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவர்களாக இருக்க வேண்டும். பாடத்தை நடத்தி முடித்ததும், சில சமயம் நடத்தாமலேயே, டீச்சர் சொல்வாள்: "பென்சில எடு. மொதக் கேள்வி. ரெண்டாவது பத்தியில 'அதனால்'னு ஒரு வரி ஆரம்பிக்குதா? அங்க பிராக்கெட்ட தெற. 'என்றார்'ல மூடு. ஓரத்துல ஒண்ணுன்னு போட்டு வட்டம் போடு." அவ்வளவுதான். மீதிப் பாடம் இருந்தால் என்ன, கரையான் தின்றால் என்ன. பிள்ளை அந்தப் பிராக்கெட்டுக்குள் இருப்பதை வீட்டில் உருப்போடும், பரீட்சையில் கொட்டும், முழுப் பரீட்சை லீவில் மறக்கும்.

வேலைக்கு வந்த புதிதில் அருள்மொழி இப்படி இல்லை. ஒரு கதையை எடுத்துக்கொண்டால் பீரியட் முழுக்க வாசிப்பாள். "இந்த ஆளு ஏன் கதவத் தெறக்கல? பயமா, கோவமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொள்வாள். பயம் என்று ஒரு கட்சி, கோபம் என்று ஒரு கட்சி, வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்ப்பார். அந்தப் பிள்ளைகள் பரீட்சையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? தங்களுக்குத் தோன்றியதை எழுதினார்கள். திருத்தியவர்களோ விடைக்குறிப்பில் இருந்ததைத் தேடினார்கள். மார்க் ஊற்றிக்கொண்டது.

தலைமை ஆசிரியை அகிலாண்டம் சிதம்பரம் கீழவீதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். குரலே உயராது. உயராத குரலுக்கு உறைப்பு ஜாஸ்தி. "நீங்க நன்னாத்தான் நடத்தறேள், யார் இல்லேங்கறா? பேப்பர்ல எங்கே அது? ஆபீசர் வந்து கேட்டா, கொழந்தைகள் நன்னா சண்டை போடறதுன்னு சொல்லட்டுமா?" என்றார். அருள்மொழி அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள் பென்சிலை எடுக்கச் சொன்னாள்.

எதையும் அரைகுறையாகச் செய்கிற ரகமில்லை அவள். புத்தகத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்களே, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்தியைப் படிக்காதே, நேரம் போகும். முதலில் கேள்வியைப் பார். அதில் பெரிய வார்த்தை எது? அந்த வார்த்தை பத்தியில் முதலில் எங்கே வருகிறது? முன்னால் இருக்கிற முற்றுப்புள்ளியிலிருந்து பின்னால் இருக்கிற முற்றுப்புள்ளி வரை பிராக்கெட். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. எழுத்துக்கூட்டுகிற பிள்ளைகூட அதில் பாதி மார்க்குக்கு மேல் எடுத்தது. அகிலாண்டம் மீட்டிங்கில் பாராட்டினார். வேறு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். அருள்மொழிக்கும் பழகிப்போனது. வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்தி, அவள் கண்ணே பிராக்கெட்டை விட்டு வெளியே போகாத கண்ணாகிவிட்டது. வார்த்தை இருக்கிறதா, டிக். இல்லையா, சுழி. பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கிற பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

இந்த வருஷம் ஏழாம் வகுப்பில் இளமதி. வகுப்பில் முதல். அப்பா வைத்திலிங்கம் பண்ருட்டிப் பக்கம் திருவதிகைக்காரர். நிலத்தில் ஒன்றும் மிஞ்சாமல், குட்டியானை வண்டி ஓட்டிப் பலாப்பழமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவர். ஊர்ப் பேர்ப் பலகை படிப்பார்; பத்தி பத்தியாக எழுதியிருந்தால் கண் வழுக்கிவிடும். அம்மா அமிர்தத்துக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். செம்மண்டலத்தில் டீச்சர் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தார்கள். கரண்ட் பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அந்த வீட்டில் எது வந்தாலும் படித்துச் சொல்வது இளமதிதான். அமிர்தம் கடைத்தெருவில் டீச்சரைப் பார்த்தால் போதும், "ஒங்க புண்ணியத்துல எங்க வூட்டுக்கு ஒரு வாய் வந்துச்சி டீச்சர்" என்பாள்.

இளமதிக்குப் பிறகு வெகுநாள் கழித்து அமிர்தத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் இல்லை. பிரஷர் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லி, மாத்திரை கொடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தார்கள். நர்ஸம்மா வாயாலும் சொன்னார்தான். குழந்தை அழுத அழுகையிலும் கிளம்புகிற பரபரப்பிலும் அது யார் காதில் விழுந்தது? "எல்லாம் இதுல இருக்குது, படிக்கத் தெரிஞ்சவங்கள வெச்சிப் படிச்சிக்குங்க" என்றார். வைத்திலிங்கம் பெருமையாகத் தலையாட்டினார். படிக்கத் தெரிந்தவள் வீட்டிலேயே இருக்கிறாளே.

வீட்டுக்கு வந்த சில நாளில் அமிர்தத்துக்குத் தலைவலி வந்தது. சாதாரண வலி இல்லை, பின்மண்டையைப் பிடித்து இறுக்குகிற வலி. வைத்திலிங்கம் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். "அந்தக் காயிதத்துல தலவலிக்கு என்னா போட்டிருக்குதுன்னு பாரு" என்றாள் அமிர்தம். இளமதி பென்சிலும் கையுமாக உட்கார்ந்தாள். கேள்வி தலைவலி. தேடினாள். மேலே ஒரு இடத்தில் இருந்தது. கீழே இன்னொரு இடத்திலும் இருந்தது. காலையில் அந்தத் தாளை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அன்று பார்த்து அருள்மொழிக்குத் தலைக்கு மேல் வேலை. மறுநாள் ஆபீசர் வருகிறார். திருத்தாத பரீட்சைத் தாள் மேஜையில் குவிந்து கிடக்கிறது. சுற்றிலும் மார்க் கேட்டு ஒரே நெரிசல். இளமதி கூட்டத்தில் கையை நுழைத்துத் தாளை நீட்டினாள்.

"டீச்சர், ஒரே வார்த்த ரெண்டு எடத்துல வருது. எத எடுக்கறது?"

"எத்தினி வாட்டி சொல்றது இளமதி? நீயே இப்டிக் கேட்டா மத்ததுங்க என்னா செய்யும்? மொதல்ல வர்ற எடந்தான். ரெண்டாவது நம்மளக் கொழப்பறதுக்குன்னே வெக்கறது."

"இல்ல டீச்சர், அம்மாவுக்கு..."

"போட்டியா பிராக்கெட்டு? காட்டு." பென்சில் பிராக்கெட் கண்ணில் பட்டது. அதற்குள் தலைவலி என்ற வார்த்தை இருந்தது. கையில் சிவப்புப் பேனா இருந்தது. ஓரத்தில் ஒரு டிக் அடித்தாள். "சரியாத்தான போட்டிருக்க, போ." தாளின் உச்சியில் ஆஸ்பத்திரி முத்திரை இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் இல்லை, பார்க்கவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் அமிர்தத்துக்கு வலிப்பு வந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பெரிய இடத்துக்குப் போகச் சொன்னதால், ஆம்புலன்ஸில் ஏற்றிச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஒரு தரம், புதுச்சத்திரத்தில் ஒரு தரம் மறுபடி வந்தது. அங்கே டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். குழந்தைக்குப் பெயர்கூட வைக்கவில்லை, அமிர்தம் போய்விட்டாள்.

துக்கம் கேட்க அருள்மொழி போனபோது சாவுப் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. வைத்திலிங்கத்தின் அக்கா தைலம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். இளமதி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வைத்திலிங்கம் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒண்ணும் கொற வெக்கல டீச்சர். மாத்தர தவறாமப் போட்டுது. தலவலின்னதும் பாப்பா காயிதத்தப் படிச்சிருக்குது. சந்தேகம்னு ஒங்ககிட்டயும் காட்டுச்சாமே. நீங்க சரின்னு டிக் போட்டீங்கன்னு அதுவே போன்ல சொல்லிச்சி, தெம்பா சொல்லிச்சி. நானும் தைரியமா இருந்தன். நம்ம விதி டீச்சர், யார என்னா சொல்றது?" என்றவர் சாமிபடத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். அவர் காட்டியது நன்றியோடு. அதுதான் கொடுமை.

அருள்மொழி வாங்கிப் பார்த்தாள். பென்சில் பிராக்கெட். பக்கத்தில் வட்டத்துக்குள் ஒன்று. அதன் மேல் தன் சிவப்பு டிக். பிராக்கெட்டுக்குள்: 'மாத்திரை தொடங்கிய சில நாட்களுக்கு இலேசான தலைவலி இருக்கலாம், பயப்பட வேண்டாம்.' அவள் கண் முதல்முறையாகப் பிராக்கெட்டைத் தாண்டிக் கீழே போனது. 'விடாத தலைவலியோடு கண் மங்கினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ, அது இரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வரவும். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.' அங்கே பிராக்கெட் இல்லை. தாளை மடித்துக் கொடுத்தாள். போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாத வீடு என்பதால் பேசாமல் எழுந்து வந்தது நல்லதாகப் போயிற்று; பேச வாய் வந்திருக்காது.

தாளின் கீழ்ப்பாதியில் இருப்பது யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அதைப் படிக்கக்கூடியது ஒரு குழந்தை. அந்தக் குழந்தை பிராக்கெட்டோடு நின்றுவிட்டிருக்கும் என்றுதான் அருள்மொழி நினைத்தாள். நினைத்து நிம்மதி வேறு தேடினாள் பாருங்கள். ஆனால் அந்த நிம்மதியில் ஒரு முள் இருந்தது. இனி இந்தப் பெண்ணுக்கு ஒழுங்காக வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால், ஒரு நாள் அந்தத் தாளை எடுத்து முழுக்க வாசிப்பாள். அம்மாவைத் தானே கொன்றுவிட்டதாக அப்போது நினைப்பாள். சொல்லிக்கொடுக்காமல் விட்டால்? அடுத்த தாள் என்று ஒன்று எப்போதாவது வரத்தானே செய்யும். அருள்மொழிக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் பென்சிலை எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எதையாவது எழுதிக்கொண்டிருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து இளமதி பள்ளிக்கு வந்தாள். முன்னைப் போலவே எழுதினாள்: செய்யுள் சரி, இலக்கணம் சரி, கட்டுரை சரி. பத்தியைப் படித்து விடை எழுதுகிற இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அடுத்த பரீட்சையிலும் வெள்ளை. அகிலாண்டம் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாயார் போன துக்கம், வாஸ்தவம்தான். ஆனா இந்த ஒரு கேள்வி மட்டும் எப்படி விட்டுப்போகும்? என்னன்னு கேளுங்கோ" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற குழாய்க்கு அந்தப் பக்கம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள் அருள்மொழி.

"ஏம்மா எழுதல?"

"ரெண்டு எடத்துல வருது டீச்சர்."

அருள்மொழி கேள்வித்தாளைப் பார்த்தாள். குளத்தைப் பற்றி ஒரு பத்தி. "ஒரே எடத்துலதான வருது, பாரு." இளமதி பார்க்கவில்லை. பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அருள்மொழியால் முடியவில்லை.

"அன்னிக்குக் காயிதம் கொண்டாந்தியே. ரெண்டாவது எடத்தையும் படிச்சியா?"

"படிச்சன்."

"புரிஞ்சிச்சா?"

"புரிஞ்சிச்சி டீச்சர். கண்ணுல பூச்சி பறக்குதுன்னு அம்மா சொல்லிச்சி. கையில மோதரம் கழல்ல. கீழ இருக்கறதுதான் அம்மாவுக்குன்னு எனக்குத் தோணிச்சி. ஆனா நீங்க மொதல்ல வர்றதத்தான எடுக்கச் சொல்லியிருக்கீங்க. அதான் கேக்க வந்தன்."

குழாயடியில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். இளமதி தலை நிமிராமலே சொன்னாள்: "வூட்டுக்குப் போயி ரெண்டையும் அம்மாகிட்ட படிச்சிக் காட்டுனன். டீச்சர் எதுக்கு டிக் போட்டாங்கன்னு அம்மா கேட்டுச்சி. இதுக்குன்னு சொன்னன். அப்ப அதான், படுத்தாச் சரியாப்பூடும்னு சொல்லிட்டு படுத்துக்கிச்சி."

இந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியாது என்றல்லவா அருள்மொழி பயந்துகொண்டிருந்தாள். தெரிந்திருந்தது. புரிந்திருந்தது. புரிந்ததை நம்பாதே, என்னை நம்பு என்று பழக்கி வைத்தது இவள். பழகின பிள்ளை, பழக்கியவளிடமே ஓடிவந்து கேட்டது. இவள் டிக் அடித்து அனுப்பினாள்.

"நீ படிச்சதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு" என்றாள்.

"தெரியும் டீச்சர்" என்றாள் இளமதி. கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னாள்.

"அப்பாவுக்கு?"

"தெரியாது. சொல்லாதீங்க. சண்டைக்கு வருவாரு. பொறவு என்னை இங்க அனுப்ப மாட்டாரு. ஏற்கெனவே அத்த, இவ எதுக்குப் போவணும், தம்பியப் பாத்துக்கிட்டு வூட்ல கெடக்கட்டும்னு சொல்லிக்கினே இருக்குது."

நல்ல சாக்கு கிடைத்தது பாருங்கள். பெண்ணின் படிப்புக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு வாரம் அருள்மொழி அதைத்தான் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். அந்த வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். வாசித்துவிட்டு, அந்தக் கதையில் வருகிற பெண் ஏன் ஊரை விட்டுப் போனாள் என்று கேட்டாள். வகுப்பே அவளைத் திருதிருவென்று பார்த்தது. முன் பெஞ்சுப் பையன் பென்சிலை எடுத்து, "எங்க டீச்சர் தெறக்கணும்?" என்றான். இளமதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விடை தெரியும் என்று அருள்மொழிக்குத் தெரிந்தது. கையைத் தூக்க மாட்டாள் என்றும் தெரிந்தது. அப்பாவுக்கும் டீச்சருக்கும் நடுவில், உண்மையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு அந்தப் பிஞ்சு தனியாக உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேலும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தே போனாள். வைத்திலிங்கம் வாசலில் குட்டியானையைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர், பாப்பா, ஒரு சேர் கொண்டா" என்றார். இளமதி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, டீச்சர் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். அருள்மொழி உட்காரவில்லை.

"அந்தக் காயிதத்தக் கொஞ்சம் எடுத்தாங்க. நான் ஒருவாட்டி முழுசாப் படிச்சிக் காட்டணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்து வந்தார். அருள்மொழி மேலிருந்து ஆரம்பித்தாள். அமிர்தத்தின் பெயர், வயது, மாத்திரை, சாப்பாடு, பிராக்கெட்டுக்குள் இருந்தது, அதற்குப் பிறகு இருந்தது, கடைசியில் இருந்த போன் நம்பர் வரை நிறுத்தாமல் வாசித்தாள். வாசித்துவிட்டு, இளமதி எதைச் சரியென்று நினைத்தாள், தான் பார்க்காமலே டிக் போட்டது எந்த வரிக்கு என்பதையும் சொன்னாள். மன்னிப்பு என்கிற வார்த்தையை வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள், வாய்க்கு வரவில்லை.

உள்ளேயிருந்து தைலம்மாள்தான் முதலில் கத்தினாள். "அட பாவி, வாயில்லாப் பூச்சியக் கொன்னுட்டியேடி. இந்தப் பள்ளிக்கூடமே வாணாம். நாளையிலருந்து அவ போவக்கூடாது."

"நீ சும்மா இரு அக்கா" என்றார் வைத்திலிங்கம். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வூட்ல படிக்கத் தெரிஞ்சது அவ ஒருத்திதான். அவளையும் நிறுத்திட்டா அடுத்தாப்ல வர்ற காயிதத்த யாரு படிக்கறது?" இளமதியைப் பக்கத்தில் இழுத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். அம்மா செத்த நாளிலிருந்து அழாத அழுகை அது. அருள்மொழி கையில் தாளோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். கை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள். அவர் அவள் கையிலிருந்த தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் படிக்க இவ்ளோ நேரந்தான் ஆவுதா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அருள்மொழி.